இது எதுக்கு ஓடிக்கினு இருக்குது?

எங்கள் கம்பெனியில் பாயிடம் யாரும் மணி கேட்பதில்லை. கேட்டால் கையைத் திருப்பி வாட்சைப் பார்ப்பார். வாட்சைப் பார்த்ததும் அவருக்கு லேப்டாப் ஞாபகம் வந்துவிடும். வந்ததே வந்தாய், ஒரு நிமிஷம் நில் என்று நம்மை நிறுத்திவைப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டு, வாட்சையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஏறும். நாற்பத்தோராவது விநாடியில் சாம்பல் நிறத்தில் வெறும் பக்கம் ஒன்று வந்து நிற்கும். படம் கிடையாது, பொம்மை கிடையாது, மூலையில் கடிகாரம்கூடக் கிடையாது.

"பாத்தியா?" என்பார்.

பார்த்தேன் என்று தலையாட்ட வேண்டும். எதைப் பார்த்தோம் என்பது நமக்கும் தெரியாது.

நான் அப்போது சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தேன். லாரிகளுக்கு அடியில் அடுக்கடுக்காக வருமே இரும்புப் பட்டை ஸ்பிரிங், அதைச் செய்கிற கம்பெனி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ளே தள்ளி, கடைசித் தெருவில் இருந்தது. பாய் மெயின்டனன்ஸ் பிளானிங். எந்த மெஷினுக்கு என்றைக்கு எண்ணெய் மாற்றுவது, எந்த பெல்ட் அறுந்துபோவதற்கு முன்னால் எடுத்துப் போடுவது என்று அட்டவணை போடுகிற வேலை. பழவேற்காட்டுக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் லுங்கி வியாபாரம், இல்லாவிட்டால் கருவாடு. இவர் ஒருவர்தான் டிப்ளமோ படித்துவிட்டு எண்ணெய் நாற்றத்துக்கு வந்தவர். காலையில் ஊரிலிருந்து பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்து, நான் ஏறும் அதே ரயிலில் ஏறுவார். தோளில் கட்டம் போட்ட லுங்கித் துணியில் தைத்த பை இருக்கும். அதற்குள் லேப்டாப். கம்பெனியில் இன்னும் நான்கு பாய்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. வெறும் 'பாய்' என்றால் இவர்தான்.

அந்த லேப்டாப் அவர் காசு கொடுத்து வாங்கியதல்ல. எப்போதோ இருந்த ஒரு பெரிய அதிகாரிக்காகக் கம்பெனி வாங்கியது. அவர் போன பிறகு, உடைந்த நாற்காலிகளோடு ஸ்கிராப் ஷெட்டில் கிடந்தது. ஒரு பக்கத்துக் கீல் போய்விட்டதால் மூடி நிற்காது, சுவரில் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். மெமரி அறுபத்து நான்கு எம்.பி. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் இனிமேல் எதுவும் ஓடாது, வேண்டுமானால் மீன் வெட்டுகிற பலகையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். பழவேற்காட்டு மனிதரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பாய் அன்றைக்கே கேட் பாஸ் வாங்கினார். அதில் 'பயனற்ற பொருள், ஒன்று' என்று எழுதியிருந்தது. அந்தச் சீட்டை மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தார். திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டுமாம்.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து முதலில் ஒரு லினக்ஸைப் போட்டுப் பார்த்தார். லேப்டாப் பதினோரு நிமிடம் யோசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் எங்கேயோ படித்தார், வெறும் ஐம்பது எம்.பி.யில் ஒரு லினக்ஸ் இருக்கிறது, அதைக் கிழட்டு மெஷின்களுக்காகவே செய்திருக்கிறார்கள் என்று. பொன்னேரியில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். பாதியில் லைன் அறுந்து போகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். நாற்பது வயசு ஆள், தாடி வைத்தவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூலை கேபினில் உட்கார்ந்து மணிக்கணக்காக எதையோ இறக்குகிறார் என்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? மூன்றாவது வாரம் மெதுவாகத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாராம். திரையில் ஒரு நீலக் கோடு மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஏமாந்துபோய்த் திரும்பினார் என்று பாயே எங்களிடம் சொன்னார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது எம்.பி. எவ்வளவு குறைவு என்பதற்கு உதாரணமாகச் சொன்னார்.

அந்த லினக்ஸ் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே இந்த நிமிடம் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் காட்டச்சொல்லும் ஒரு கட்டளையை அவர் கற்றுக்கொண்டுவிட்டார். அங்கேதான் வியாதி ஆரம்பித்தது. பட்டியலில் மேலிருந்து ஒவ்வொன்றாக விரலை வைத்து, "இது எதுக்கு ஓடிக்கினு இருக்குது?" என்று கேட்பார். பிரின்டர் இல்லாத லேப்டாப்பில் பிரின்டருக்காக ஒன்று ஓடியது. எடுத்தார். சத்தம் வராத ஸ்பீக்கருக்காக ஒன்று. எடுத்தார். கையில் வாட்ச் இருக்கும்போது உள்ளே ஒரு கடிகாரம் எதற்கு? அதையும் எடுத்தார். அறுபது விநாடி ஐம்பத்தைந்தாகி, நாற்பத்தெட்டாகி, நாற்பத்தொன்றில் வந்து நின்றது. கடைசியில் பாட்டரியையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். அது செத்து ரொம்ப நாளாகிவிட்டதாம், செத்ததைத் தோளில் எதற்குச் சுமக்க வேண்டும்?

பிறகு அந்தக் கேள்வி லேப்டாப்புக்கு வெளியே வந்தது.

முதலில் மாட்டியவள் நான். என் டெஸ்பாட்ச் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். ஒருநாள் டீ குடிக்க வந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏழாவது கட்டத்தில் விரல் வைத்தார். எல்லாச் சீட்டிலும் ஒரு குறுக்குக் கோடு போட்டிருக்கிறாயே, இது எதற்கு என்றார். எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்தவர் கோடு போட்டார், நானும் போட்டேன். பாய் விடவில்லை. நான்கு பேரைக் கேட்டு, கடைசியில் பழைய வாட்ச்மேனிடம் விடை கண்டுபிடித்தார். ஆரம்பாக்கம் தாண்டி ஒரு காலத்தில் இருந்த ஏதோ சோதனைச் சாவடியின் முத்திரை எண்ணுக்கான கட்டம் அது. சாவடியையே எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் நான்கு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டம் போன அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கை சும்மா இருப்பது போலத்தான் இருந்தது.

லீவு லெட்டரை ஒரே வரியில் எழுதுவார்: 'ஐயா, வெள்ளிக்கிழமை வரமாட்டேன்.' மேனேஜர் காரணம் எங்கே என்று திருப்பி அனுப்பினார். காரணம் சொன்னால் மட்டும் வரப்போகிறேனா என்று பாய் கேட்டனுப்பினார். மேனேஜர் சென்னையிலிருந்து காரில் வருகிறவர், சிரிக்கத் தெரிந்தவர். அந்த லெட்டரை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். தன்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், எங்கள் ஆள் எதையும் சும்மா ஓடவிடமாட்டார் என்று பெருமையாகக் காட்டுவார். இது பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி செல்லாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது, அவர் வீட்டு அடுப்படி. ஒரு பெருநாளைக்கு எங்கள் பிரிவிலிருந்து ஐந்து பேர் பழவேற்காட்டுக்குப் போயிருந்தோம். பாய் பிரியாணித் தட்டில் கிடந்த அன்னாசிப்பூவை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, சாப்பிடுகிற பொருளே இல்லையே, இது எதற்கு உள்ளே வருகிறது என்று ஆரம்பித்தார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"உங்க டப்பாவுல நான் என்னிக்குனா கைய வெச்சனா?" என்றார்.

பாய் அந்த அன்னாசிப்பூவை எடுத்து மறுபடி சோற்றுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஒரு தடவை அளவுக்கு மீறிப் போய்விட்டார். நாற்பத்தொன்றை முப்பதாக்க வேண்டும் என்று ஆசை. பட்டியலில் பெயர் புரியாத சின்னத் துண்டுகள் சில இருந்தன. மூன்று நான்கை ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். லேப்டாப் முப்பத்தாறு விநாடியில் எழுந்து, பெயரைத் தட்டு என்று கேட்டது. கீபோர்டு வேலை செய்யவில்லை. எடுத்ததில் ஏதோ ஒன்றுதான் கீபோர்டைப் பிடித்துவைத்திருக்கிறது. எது என்று தெரிய உள்ளே போக வேண்டும். உள்ளே போகக் கீபோர்டு வேண்டும். இரண்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்து, முப்பத்தாறு விநாடி சாதனைதானே பாய், வாழ்த்துகள் என்றேன். முறைக்கக்கூட இல்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடி சி.டி.யிலிருந்து போட்டார். ஒரு மாத அட்டவணை போய்விட்டது, கையால் எழுதி மீட்டார். அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுப்பது, எடுத்ததும் அணைத்துப் போட்டுப் பார்ப்பது, என்ன செய்கிறது என்று தெரியாததைத் தொடுவதில்லை என்று ஆகிவிட்டார். நாற்பத்தொன்றே போதும் என்றார். அவர் வாயிலிருந்து 'போதும்' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த லேப்டாப்பில் அவர் ஒரு உருப்படியான காரியமும் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிவைத்திருந்தார். தேதியைக் கொடுத்தால் அன்றைக்கு எந்த மெஷினுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பட்டியல் போடும். முன்பு அவருக்குப் பாதி நாள் பிடித்த வேலை, இருபது நிமிடத்தில் முடிந்தது. மீதி நேரத்தில் மெஷின் ஷெட்டில் சுற்றுவார், எங்கள் படிவங்களில் கட்டம் தேடுவார்.

2008-ஆம் வருஷக் கடைசியில் லாரி வாங்குகிறவர்கள் இல்லாமல் போனார்கள். லாரி இல்லையென்றால் ஸ்பிரிங் எதற்கு? எங்கள் யார்டில் பெயின்ட் அடித்த ஸ்பிரிங்குகள் வெயிலில் அடுக்கிக் கிடந்தன. வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்றார்கள், பிறகு மூன்று. கேன்டீனில் அப்பளம் நின்றது. ஒரு திங்கட்கிழமை மேனேஜர் பாயைக் கூப்பிட்டார். ஷெட்டில் இருபத்திரண்டு கான்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்கள், எட்டுப் பேரைக் குறைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறது. எந்த எட்டு என்று நீர்தான் சரியாகச் சொல்ல முடியும், உம்மைவிட இந்த வேலைக்கு ஆள் யார் என்றாராம். புகழ்ந்துதான் சொன்னார். பாய் ஒரு வாரம் டைம் கேட்டார்.

அந்த ஒரு வாரத்தை நான் மறக்க மாட்டேன். லேப்டாப்புக்கு ஒரு நீள ஒயர் வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய், எண்ணெய் டிரம் மேல் வைத்து, ஒவ்வொரு ஆளையும் பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். செய்தி எப்படியோ பரவிவிட்டது. நேற்றுவரை "பாய், ஒருவாட்டி போட்டுக் காட்டு" என்று சுற்றி நின்றவர்கள் அவர் வந்தால் டீ டம்ளரோடு நகர்ந்து போனார்கள். ரயிலில் எங்கள் பெட்டியில் அவருக்கு எப்போதும் ஒரு இடம் போட்டுவைப்போம். அந்த வாரம் யாரும் போடவில்லை. நானும் போடவில்லை. பொன்னேரி வரைக்கும் அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றபடி வந்தார். நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் என் பெயர் வர வாய்ப்பில்லை, நான் கம்பெனி ஆள். ஆனாலும் ஏழாவது கட்டத்தில் வைத்த அந்த விரல் நினைவுக்கு வந்தது, தலையைத் திருப்பவில்லை.

ஷெட்டில் தடாவிலிருந்து வருகிற ஒரு தெலுங்குக்காரர் இருந்தார். எல்லாரையும் 'நைனா' என்பார், அதனால் அவருக்கே நைனா என்று பெயர் ஆகிவிட்டது. கான்ட்ராக்ட் சீட்டில் அவர் வேலை, தண்ணீர் கேன் தூக்குவது. கேன் தூக்க ஒரு ஆளா, எட்டுப் பேரில் முதல் ஆள் இவர்தான் என்று ஷெட்டே பேசிக்கொண்டது. அவருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் கேனை இறக்கிவைத்துவிட்டு நேராகப் பாய் முன்னால் போய் நின்றார்.

"நைனா, நம்ம பேரு ஏறிடுச்சா?"

"உன் வேலை இன்னான்னு எழுதிக்கினு இருக்கேன்" என்றார் பாய். "இன்னும் முடியல. நீ போ."

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்துக்கு நானும் போக வேண்டியிருந்தது, டெஸ்பாட்ச் நிலவரம் சொல்ல. பாய் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் என்று ஆபீஸ் பிரின்டரில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு ஐந்தாறு வரி. நைனாவின் தாளில் தண்ணீர் கேன் கடைசி வரியில் இருந்தது. அதற்கு மேலே எழுதியிருந்ததை மேனேஜர் சத்தமாகப் படித்தார். உலைக்குப் பக்கத்தில் நிற்கிற ஒடிசாக்காரர்கள் ஒன்பது பேருக்கும் சூப்பர்வைசர் சொல்வதை அவர்கள் பாஷையில் சொல்கிறவர் நைனாதான். அங்கே பெர்ஹாம்பூரில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். அவர் கேனோடு உள்ளே வருகிற நேரங்களுக்காகத்தான் சூப்பர்வைசர் புதுச் சங்கதிகளைச் சேர்த்துவைத்திருக்கிறார். இது எங்கள் யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

இப்படியே இருபத்திரண்டும். ரொம்பக் கறாராகத்தான் எழுதியிருந்தார். மூன்று பேர் செய்வதை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முடியும் என்றும் எழுதியிருந்தார், மழுப்பவில்லை. மேனேஜர் கடைசித் தாளுக்கு வந்தார். இருபத்து மூன்றாவது தாள். அதில், பிளானிங் வேலை இப்போது தினமும் இருபது நிமிடம், லேப்டாப் அட்டவணை போடுகிறது, ஷிப்ட் சூப்பர்வைசரே பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பதவி தேவையில்லை என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து.

மேனேஜர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. இது வேண்டாம், எடுத்துவிடும் என்றார் மேனேஜர்.

"நீங்க கேட்டது எது தேவையில்லன்னு. அதான் எழுதினு வந்தேன்" என்றார் பாய்.

தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயின. அங்கே யாருக்கும் பாயைத் தெரியாது, லீவு லெட்டரையும் தெரியாது. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒருவர் சம்பளம் ஐந்து கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சமம். கான்ட்ராக்டில் மூன்று பேர் போனார்கள், பாய் போனார், எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்த மூன்று பேரில் இருவர் அதற்குப் பிறகு பாயைப் பார்த்தால் பேசமாட்டார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள் ரயிலில் நான் அவருக்கு இடம் போட்டேன். பாதி வழியில், ஐந்து பேருக்காகத் தியாகம் பண்ணிவிட்டு வந்திருக்கிறீர்களே, அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தியாகம் கியாகம் என்று பேசாதே, வேலையைப் பார்த்தேன், தேவையில்லை என்று தெரிந்தது, எழுதினேன், அவ்வளவுதான் என்றார். லேப்டாப்பைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், அட்டவணை அதில்தானே ஓட வேண்டும். காலியான லுங்கிப் பையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இந்த மனிதருக்கு மெஷின் எது, சொந்தப் பிழைப்பு எது என்றே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் போட்ட கணக்கு தப்பு என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. அட்டவணை தவறாமல் வந்தது. ஆனால் பிரஸ் மெஷினில் வித்தியாசமாக ஒரு அதிர்வு வந்தால் யாரைக் கேட்பது? எந்த பெல்ட்டை இன்னும் பத்து நாள் தாங்கவைக்கலாம் என்று யார் சொல்வது? ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாராவது பழவேற்காட்டுக்குப் போன் போட்டோம். அந்த இருபது நிமிடம் போக மீதி நேரத்தில் ஷெட்டில் சும்மா சுற்றினாரே, அந்தச் சுற்றலைத் தன் தாளில் எழுத அவர் மறந்திருந்தார். அடுத்தவர்களுக்கு ஆறு வரி எழுதியவர், தனக்கு இரண்டு வரிதான் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள் லேப்டாப் எழவில்லை. வெள்ளை எழுத்துகள் பாதி வரை ஏறி நின்றுவிட்டன. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் இதெல்லாம் எனக்கு ஆகாது என்று கையைத் தூக்கிவிட்டார். மேனேஜர் என்னிடம் கொடுத்து, வண்டி தருகிறேன், அவரிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் வருவாரா என்றும் கேட்டுவிட்டு வா என்றார். வண்டி என்னைப் பழவேற்காட்டில் இறக்கிவிட்டு, வேறு வேலையாக மீஞ்சூர் போய்விட்டது.

பாய் வீட்டில் இல்லை, தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா மோர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வீட்டு நிலவரம் கேட்டேன். அக்காவின் தம்பி கருவாடு லோடு ஏற்றுகிற இடத்தில் பாய் எடை பார்க்கிறார், காட்டுப்பள்ளியில் பெரிதாக ஏதோ துறைமுகம் வரப்போகிறது என்கிறார்கள், அதுவரை இப்படித்தான் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அந்தத் தாளை எழுதியிருப்பாரா, வேலையைத் தேவையில்லை என்று யாராவது தானே எழுதிக் கொடுப்பார்களா என்று கொட்டிவிட்டேன்.

அக்கா அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தத் தாளக் குடுக்கப் போன திங்கக்கெழம காலைல நாஷ்டா துன்னல அவுரு" என்றார். "அடுப்பாண்ட வந்து குந்திக்கினாரு. ஒரு ஆறு மாசம் உன்னால சமாளிக்க முடியுமான்னு கேட்டாரு. இன்னாத்துக்குன்னேன். சொல்லல. முடியும்னு சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கல."

நான் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் சொன்னேன்னு அவுராண்ட சொல்லிடாத. வெறும் கணக்குன்னுதான் ஊர் பூரா சொல்லிக்கினு திரியிறாரு. அது அவுருக்கு ஒரு மரியாத."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் வந்தார். என்னைப் பார்த்ததைவிட லேப்டாப்பைப் பார்த்ததில்தான் முகம் மலர்ந்தது. சுவரில் சாய்த்துவைத்து, சி.டி. வழியாக உள்ளே நுழைந்தார், கீபோர்டு போன பிறகு கற்றுக்கொண்ட வழி. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் பென் டிரைவைச் செருகி அதற்குள் சினிமாப் பாட்டாக ஏற்றிவைத்திருக்கிறார். டிஸ்க் நிரம்பி, மூச்சு விட இடமில்லாமல் நின்றிருக்கிறது. சத்தமே வராத லேப்டாப்பில் பாட்டு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தார். பாட்டுகளுக்கு நடுவில் ஒரு போட்டோ இருந்தது. சூப்பர்வைசரின் குழந்தை, மொட்டைத் தலை, பல் இல்லாத சிரிப்பு. பாயின் விரல் அதன் மேல் நின்றது. அழிப்பார் என்று நினைத்தேன். ஏதோ கட்டளை தட்டினார். படம் தபால் தலை அளவுக்குச் சுருங்கியது.

"இப்ப எடமே அடைக்காது" என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

இரண்டு நாள் வருவதற்கு ஒப்புக்கொண்டார், செவ்வாயும் வியாழனும். மேனேஜர் கெஞ்சினார் என்று ஒரு பொய் சேர்த்துச் சொன்னேன். அதற்கெல்லாம் அவர் மசியவில்லை. பிரஸ்ஸில் அதிர்வு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வண்டி திரும்பி வரவில்லை, மீஞ்சூரிலேயே மாட்டிக்கொண்டது. பஸ்ஸில் போகிறேன் என்றேன். லேப்டாப்பைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். ஏரியிலிருந்து காற்று அடித்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த லினக்ஸில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம், முன்னதைவிட இரண்டு எம்.பி. குறைவாம். இரண்டு எம்.பி. என்றால் எவ்வளவு என்று உனக்குப் புரியவில்லை, அதை எழுதினவன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான் தெரியுமா என்று நின்று நின்று சொன்னார். வேறு நாளாக இருந்தால் அந்த இரண்டு எம்.பி.யை வைத்து அவரை ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். அன்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நடந்தேன். அப்புறம், அப்புறம் என்று கேட்கவும் செய்தேன்.

பொன்னேரி பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். அவர் லேப்டாப்பை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்துவிட்டு, சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ நேரம் பேசினேன், ஒரு வார்த்த கிண்டல் பண்ணல. ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

வெயில் பாய், தலைவலி என்றேன். வீட்டுக்குப் போனதும் ஒரு மாத்திரை போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு, பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றார்.